மீடியம் வேவில் தூர நிலையங்கள்: பகலில் கேட்பதும் இரவில் கேட்பதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுக்கோட்டையில் என் வீட்டு மாடியில் உட்கார்ந்து பல வருடங்களாக மீடியம் வேவ் கேட்டுக் குறித்து வருகிறேன். ஒரே ரேடியோ, ஒரே இடம். மத்தியானம் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை. இரண்டையும் நோட்டில் அடுத்தடுத்து எழுதிப் பார்ப்பதில்தான் இந்தப் பொழுதுபோக்கின் ருசியே இருக்கிறது. இதில் இறங்க நினைக்கிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே தந்திருப்பவை நெடுநாள் புழக்கத்தில் இருந்த அலைவரிசை எண்கள். அகில இந்திய வானொலி சமீப ஆண்டுகளில் பல மீடியம் வேவ் டிரான்ஸ்மிட்டர்களை மூடிவிட்டது. ஒரு எண்ணில் சத்தமே இல்லையென்றால், ரேடியோவைச் சந்தேகிக்கும் முன் அந்த நிலையம் இன்னும் ஒலிபரப்பில் இருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

மீடியம் வேவ் என்பது சரியாக எது?

ரேடியோவில் ஏஎம் அல்லது எம்டபிள்யூ என்று போட்டிருக்கும் பட்டைதான். மத்திய அலை என்று தமிழில் சொல்வோம். நம் பக்கத்தில் 531 முதல் 1602 கிலோஹெர்ட்ஸ் வரை, 9 கிலோஹெர்ட்ஸுக்கு ஒன்றாக 120 தடங்கள். 1975-ல் ஜெனீவாவில் போட்ட திட்டம் 1978 நவம்பர் 23 அன்று நடைமுறைக்கு வந்தபோது அமைந்த ஏற்பாடு இது. அமெரிக்கக் கண்டத்தில் இடைவெளி 10. அதனால்தான் டிஜிட்டல் ரேடியோக்களில் 9, 10 என்று ஒரு தேர்வு இருக்கிறது. புது ரேடியோ வாங்கியவர்கள் "திருச்சியே எடுக்கவில்லை" என்று வரும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான். 10-ல் வைத்துத் தேடினால் 936-ல் நிற்காமல் 930, 940 என்று தாண்டிப் போய்விடும்.

பகலில் வராத நிலையம் பொழுது சாய்ந்ததும் எப்படி வருகிறது?

டிரான்ஸ்மிட்டரிலிருந்து அலை இரண்டு வழியாகப் போகிறது. ஒன்று தரையை ஒட்டி ஊர்ந்து போவது, தரையலை. இன்னொன்று மேலே ஏறிப் போவது. மேலே போகும் அலைக்குப் பகலில் ஒரு தடை இருக்கிறது. சுமார் 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில், சூரிய ஒளி காற்றை அயனியாக்குவதால் உண்டாகும் டி அடுக்கு. அங்கே காற்று இன்னும் ஓரளவு அடர்த்தி. அலையால் ஆட்டிவைக்கப்படும் எலெக்ட்ரான்கள் காற்று மூலக்கூறுகளில் மோதி மோதி அந்தச் சக்தியை வெப்பமாகத் தொலைத்துவிடுகின்றன. அதனால் மீடியம் வேவ் அலை மேலே போய்ச் சேராமலேயே தேய்ந்து போகிறது.

சூரியன் மறைந்ததும் அயனியாக்க ஆளில்லை. டி அடுக்கில் எலெக்ட்ரான்கள் வேகமாக மூலக்கூறுகளோடு சேர்ந்து, அடுக்கே கலைந்துவிடும். அப்புறம் அலை தடையில்லாமல் 100 கிலோமீட்டருக்கு மேல் இருக்கும் ஈ அடுக்குக்கோ, 250, 300 கிலோமீட்டர் உயரத்து எஃப் அடுக்குக்கோ போய், அங்கிருந்து வளைந்து நூற்றுக்கணக்கான, சில சமயம் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இறங்குகிறது. இது வானலை.

மேலே இப்படியொரு அடுக்கு இருக்க வேண்டும் என்று 1902-லேயே கென்னலியும் ஹெவிசைடும் தனித்தனியாகச் சொன்னார்கள். அது உண்மையிலேயே இருக்கிறது என்று 1924-ல் ஆப்பிள்டன் சோதனையில் காட்டினார். 1947-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நாம் மாடியில் உட்கார்ந்து ரேடியோ முள்ளைத் திருப்பும்போது தொடுவது அந்த அடுக்கைத்தான். எனக்கு இன்றைக்கும் இது வியப்பாகவே இருக்கிறது.

அப்படியானால் பகலில் எவ்வளவு தூரம்வரை கேட்கலாம்?

பகலில் தரையலை மட்டும்தான். அது எவ்வளவு தூரம் போகும் என்பது நிலையத்தின் சக்தி, அலைவரிசை எண், இடைப்பட்ட மண் மூன்றையும் பொறுத்தது. எண் குறையக் குறைய அலை தரையை ஒட்டி அதிக தூரம் போகும். ஒரே சக்தியில் 600-ல் இருப்பதும் 1500-ல் இருப்பதும் ஒன்றல்ல.

100, 200 கிலோவாட் நிலையத்தை 200, 300 கிலோமீட்டர் தள்ளிப் பகலில் எடுப்பது சாதாரண ரேடியோவுக்கே முடிந்த காரியம். அதற்கு மேல் போவதுதான் சவால். இங்கிருந்து சென்னை நேர்க்கோட்டில் கிட்டத்தட்ட 340 கிலோமீட்டர். 200 கிலோவாட் சக்தியுள்ள சென்னை 720 மத்தியான வேளையில் என் மாடியில் இரைச்சலுக்கு அடியிலிருந்து மெல்லிய குரலாக வரும். ரேடியோவைத் திண்ணைக்குக் கொண்டுபோனால் போய்விடும்.

என்னைக் கேட்டால், ஒரு ரேடியோவையும் ஒரு இடத்தையும் எடைபோடப் பகல் கேட்புதான் சரியான அளவுகோல். இரவில் டெல்லி வந்தால் அதில் வானத்துக்குப் பெரிய பங்கு இருக்கிறது. நேற்று வந்தது இன்று வராமல் போகலாம். மத்தியானம் 340 கிலோமீட்டரில் ஒரு நிலையத்தை எடுத்தால், நாளை மத்தியானமும் அது அங்கேயே இருக்கும். ஆன்டெனாவை மாற்றினால் எவ்வளவு கூடியது, எவ்வளவு குறைந்தது என்று துல்லியமாகத் தெரியும்.

கடற்கரை ஊர்களில் பகலிலேயே இலங்கை தெளிவாகக் கேட்கிறதே, ஏன்?

உப்புத் தண்ணீர்தான் காரணம். தரையலை போகும் வழி மின்சாரத்தை நன்றாகக் கடத்தினால் தேய்மானம் குறையும். கடல்நீரின் கடத்துத்திறன் காய்ந்த பாறை மண்ணைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல். புத்தளத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே ஏறக்குறைய 200 கிலோமீட்டர்தான், அதுவும் பெரும்பாலும் மன்னார் வளைகுடா. அந்த வழியில் அலை சோர்வதே இல்லை என்று சொல்லலாம்.

இதை நீங்களே சோதிக்கலாம். புத்தளத்திலிருந்து 882-ல் 400 கிலோவாட்டில் வந்த டிரான்ஸ் வேர்ல்ட் ரேடியோவை வைத்து நான் செய்தது இது. புதுக்கோட்டையில் மத்தியானம் ஒரு மணிக்கு அது கேட்கும், ஆனால் பேச்சின் அடியில் ஒரு இரைச்சல் ஓடிக்கொண்டே இருக்கும். அதே ரேடியோவை எடுத்துக்கொண்டு கோட்டைப்பட்டினம் போய், மீன் இறங்குகிற இடத்துக்குப் பக்கத்தில் படகு நிழலில் உட்கார்ந்து அதே நேரத்தில் வைத்தேன். உள்ளூர் நிலையம்போல் வந்தது. நடுவில் இருப்பது 60 கிலோமீட்டர் தரை. அது ஒன்றுதான் வித்தியாசம். வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "இது எப்பவும் இப்படித்தான் தம்பி எடுக்கும்" என்றார். அவர் ஆச்சரியப்படவில்லை.

பகலில் நன்றாக வரும் நிலையம் ராத்திரியில் கெட்டுப்போகிறது. இரவில் எல்லாமே மேம்படும் என்றார்களே?

இல்லை, இது பலரும் தவறாகப் புரிந்துகொள்வது. இரண்டு விதமாக இரவில் கெடும்.

முதலாவது, ஒரே நிலையத்தின் தரையலையும் வானலையும் சம பலத்தில் வந்து சந்திக்கும் தூரம் ஒன்று உண்டு. நிலையத்திலிருந்து நூறு, இருநூறு கிலோமீட்டர் வட்டாரத்தில் இது வழக்கம். இரண்டும் ஒத்துப்போகும் நொடியில் சத்தம் உயரும், எதிராகும் நொடியில் விழும். அதோடு குரல் ஓட்டைப் பானைக்குள்ளிருந்து வருவதுபோல் திரிந்து போகும். ஒலியின் ஒரு பகுதி மட்டும் மங்கி மற்றது மங்காமல் இருப்பதால் வரும் கோளாறு அது. இந்த வட்டாரத்தில் இருப்பவர்களுக்கு அந்த நிலையம் பகலில்தான் நன்றாக இருக்கும்.

இரண்டாவது, ஒரே அலைவரிசையில் இருக்கும் மற்ற நிலையங்கள் எல்லாம் ராத்திரியில் கூடவே வந்துவிடும். மொத்தமே 120 தடங்கள்தான், நிலையங்களோ அதைவிடப் பல மடங்கு. பகலில் ஒருவர் பேசிய தடத்தில் ராத்திரி சந்தைக் கூட்டம். ராத்திரியில் 684-ஐத் திருப்பினால் கோழிக்கோடா போர்ட் பிளேரா என்று குழம்ப வேண்டியிருந்தது.

இரவுக்கென்றே அமைந்த நிலையம் ஏதாவது உண்டா?

ஒன்று இருந்தது, நம் நாட்டிலேயே. 1988-ல் தொடங்கிய தேசிய அலைவரிசை. நாட்டின் நடுவில் இருக்கும் நாக்பூரில் 1000 கிலோவாட் டிரான்ஸ்மிட்டரை 1566-ல் வைத்து இரவு நேரத்தில் ஒலிபரப்பினார்கள். அந்த எண் தரையலைக்கு உதவாது. 1566 பட்டையின் உச்சியில் இருக்கிறது. ஆனால் வானலைக்கு நாக்பூரிலிருந்து இந்தியாவின் எந்த மூலையும் எட்டும் தூரம்தான். வானம் திறந்திருக்கும் நேரத்தில் மட்டும் நாடு முழுவதற்கும் ஒரே டிரான்ஸ்மிட்டர் போதும் என்ற கணக்கு. டி அடுக்கு கலைவதையே அடித்தளமாக வைத்து ஒரு தேசிய சேவையைக் கட்டியிருக்கிறார்கள். அந்த அழகான திட்டத்தைப் பற்றி இன்று பேசுவார் குறைவு. இரவு லாரி ஓட்டியவர்கள் பலருக்கு அந்தக் குரல் துணையாக இருந்தது.

பகலையும் இரவையும் நியாயமாக ஒப்பிட எப்படிக் குறிக்க வேண்டும்?

மாற்றக்கூடியது நேரம் ஒன்று மட்டும்தான். மற்ற எல்லாம் அப்படியே இருக்க வேண்டும். ரேடியோ, ஆன்டெனா, உட்காரும் இடம், ரேடியோ திரும்பியிருக்கும் திசை, பேட்டரியா கரண்டா என்பதுவரை. நான் மாடித் தரையில் சாக்பீஸால் ஒரு கட்டம் போட்டு, மூலையில் வடக்குக்கு ஒரு அம்புக்குறி வைத்திருக்கிறேன். மழைக்கு அழிந்தால் மறுபடி போட்டுக்கொள்வேன்.

மத்தியானம் 12-லிருந்து 2-க்குள் ஒரு சுற்று. ராத்திரி 8-லிருந்து 10-க்குள் ஒரு சுற்று. மத்தியானம் டி அடுக்கு உச்சத்தில் இருப்பதால் அப்போது கேட்பது அநேகமாக முழுக்கத் தரையலை. காலை 7 மணிக்குக் கேட்டுவிட்டுப் பகல் என்று எழுதாதீர்கள். அந்நேரம் இரவின் மிச்சம் இன்னும் இருக்கும்.

531-லிருந்து தொடங்கி ஒவ்வொரு தடத்திலும் அரை நிமிடம் நில்லுங்கள். ஒரு மணி நேரத்தில் பட்டை முழுவதும் முடிந்துவிடும். டெக்சன் போன்ற டிஜிட்டல் ரேடியோக்களில் திரையில் இரண்டு எண்கள் தெரியும்: ஒன்று அலையின் பலம், இன்னொன்று இரைச்சலைவிடக் குரல் எவ்வளவு மேலே இருக்கிறது என்பது. இரண்டையும் எழுதுங்கள். பலம் 40 என்று காட்டி இரண்டாவது எண் 2 என்று இருந்தால், அது நிலையம் அல்ல, பக்கத்து வீட்டு எல்இடி பல்பு.

இரண்டு தடங்களில் ரீடிங்கைக் கட்டாயம் எடுக்கச் சொல்வேன். ஒன்று, பக்கத்து ஊரின் வலுவான நிலையம். எனக்குத் திருச்சி 936. இங்கிருந்து 50 கிலோமீட்டர் என்பதால் தரையலைதான் ஆதிக்கம், பகலிலும் இரவிலும் ஏறக்குறைய ஒரே எண்தான் வர வேண்டும். வரவில்லையென்றால் பேட்டரி இறங்கியிருக்கும், அல்லது ரேடியோ திரும்பியிருக்கும். அன்றைய ஒப்பீட்டை விட்டுவிடுங்கள். இன்னொன்று, நிலையமே இல்லாத ஒரு தடம். அங்கே காட்டும் எண்தான் அன்றைய இரைச்சலின் அளவு. பகலில் கேட்காததற்கு வானம் காரணமா, தெருவின் இரைச்சல் காரணமா என்பதை அந்த எண்தான் சொல்லும்.

அப்புறம் ஒரு பொறி. அகில இந்திய வானொலி நிலையங்களில் பல, காலை, மதியம், மாலை என்று வேளை பிரித்து ஒலிபரப்பி இடையில் நிறுத்திக்கொள்பவை. இரவு பதினொன்றுக்கு மேல் முடித்துவிடுபவையும் நிறைய. பிற்பகல் நான்கு மணிக்கு ஒரு நிலையம் இல்லையென்றால் அது டி அடுக்கின் வேலையாக இருக்க வேண்டியதில்லை, டிரான்ஸ்மிட்டரையே அணைத்திருக்கலாம்.

மிக நல்ல நேரம் எது?

என் நோட்டில் அதிக ஆச்சரியங்கள் இருப்பது அந்திப் பொழுதில். நமக்குக் கிழக்கே இருட்டிவிட்டிருக்கும், மேற்கே இன்னும் வெயில். அப்போது கிழக்கு, வடகிழக்கு நிலையங்களுக்கு வழி திறந்திருக்கும். மேற்கத்திய நிலையங்கள் இன்னும் டி அடுக்கில் சிக்கியிருப்பதால் குறுக்கே வராது. கொல்கத்தா 657 அந்த நேரத்தில் சுத்தமாக எழும்பி வருவதைக் கேட்டிருக்கிறேன். விடியலில் இது தலைகீழ்: கிழக்கு முதலில் மூடும், மேற்கு கடைசிவரை நிற்கும். நம் ஊரில் அந்தியும் விடியலும் சீக்கிரம் முடிந்துவிடும், அதனால் முன்கூட்டியே உட்கார்ந்துவிடுங்கள்.

இதற்கு நேர்மாறான இடம் பின்லாந்தின் வடகோடி. அங்கே லாப்லாந்தில், இனாரி ஏரிப் பக்கம் ஐஹ்கினியெமி என்ற இடத்தில், தூரக்கேட்பாளர்கள் தங்கிக் கேட்பதற்கென்றே ஒரு குடில் இருக்கிறது. காட்டுக்குள் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளத்துக்குக் கம்பி இழுத்த ஆன்டெனாக்கள். டிசம்பரில் அங்கே சூரியன் உதிப்பதே இல்லை என்பதால் நடுப்பகலிலும் அமெரிக்க நிலையங்கள் வருகின்றன. கடிகாரம் பகல் என்று காட்டினாலும் சூரியன் இல்லாவிட்டால் மீடியம் வேவுக்கு அது இரவுதான்.

ராத்திரியில் டெல்லி வருகிறது, ஆனால் கிழக்கே கடல் தாண்டி இருப்பவை அவ்வளவாக வருவதில்லை. ஏன்?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களை எனக்கு மிகவும் பிடிக்கும், ஏனென்றால் இது நம் ஊருக்கே உரிய விஷயம். தென்னிந்தியா பூமியின் காந்த நடுக்கோட்டை ஒட்டி இருக்கிறது. 1963-ல் தும்பாவை ராக்கெட் ஏவத் தேர்ந்தெடுத்ததே அந்தக் கோடு அதன் அருகே போவதால்தான். இங்கே பூமியின் காந்தப்புலம் ஏறக்குறையத் தரைக்கு இணையாக, தெற்கு வடக்காகப் படுத்திருக்கிறது.

மீடியம் வேவ் கோபுரம் செங்குத்தாக நிற்பதால் அதன் அலையின் மின்புலமும் செங்குத்து. அந்த அலை கிழக்கு மேற்காக அயனி மண்டலத்துக்குள் போகும்போது, அதன் மின்புலம் காந்தப்புலத்துக்குக் குறுக்கே அமைந்து, பெருமளவு உறிஞ்சப்பட்டுவிடுகிறது. தெற்கு வடக்காகப் போனால் இந்த இழப்பு இல்லை. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் கணக்கிலேயே இதற்குத் தனியாக ஒரு கழிவு உண்டு. காந்தக் கோட்டின் மேலேயே, நேர் கிழக்கு மேற்கு வழியில், அது ஒரு முனைக்கு 28 டெசிபல்வரை போகும். திசை சற்றே சாய்ந்தாலும் வேகமாகக் குறைந்துவிடும். 45 பாகையில் வெறும் 2 டெசிபல் அளவுக்கு வந்துவிடுகிறது.

ஆகவே 2000 கிலோமீட்டர் வடக்கே இருக்கும் டெல்லி 819, வடகிழக்கே இருக்கும் கொல்கத்தா, டாக்கா 693 இவையெல்லாம் நமக்குச் சாதகமான திசையில் இருப்பவை. ஐரோப்பியர், அமெரிக்கர் எழுதிய வழிகாட்டிகளில் இந்த விஷயம் பெரும்பாலும் இருக்காது, அவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. நம்மவர்கள் நோட்டில் நிலையத்தின் திசையையும் ஒரு பத்தியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

விலை கூடிய ரேடியோ வேண்டுமா?

வேண்டாம். மீடியம் வேவுக்கு ரேடியோவுக்குள் இருக்கும் ஃபெரைட் ராடுதான் ஆன்டெனா. மேலே நீட்டும் கம்பி எஃப்எம்முக்கும் சிற்றலைக்கும்தான். ராடு எவ்வளவு நீளமோ அவ்வளவு நல்லது. பழைய மர்ஃபி, பிலிப்ஸ் பெட்டி ஒன்று நல்ல நிலையில் வீட்டில் இருந்தால் அதைத் தூக்கிப் போடாதீர்கள். ஒப்பிட்டு எண் எழுத வேண்டுமென்றால் மட்டும் திரையில் பலம் காட்டும் சின்ன டிஜிட்டல் ரேடியோ உதவும்.

ரேடியோவை மெதுவாகச் சுழற்றிப் பாருங்கள். ராடின் முனை நிலையத்தைப் பார்த்தால் சத்தம் விழும், பக்கவாட்டு பார்த்தால் உயரும். பகலில் இப்படி ஒரு நிலையத்தை முழுக்க மறைத்து, அதே தடத்தில் பின்னால் இருப்பதைக் கேட்கலாம். இரவில் அலை மேலிருந்து சாய்ந்து வருவதால் அவ்வளவு சுத்தமாக மறையாது.

லூப் ஆன்டெனா செய்ய என்ன வேண்டும்?

60 சென்டிமீட்டர் சதுரமாக ஒரு மரச்சட்டம், சாதாரண வயரிங் கம்பி, பழைய ரேடியோவிலிருந்து கழற்றிய 500 பிக்கோஃபாரட் கேங் கண்டென்சர் ஒன்று. கம்பியை 13 சுற்று, சுற்றுக்குச் சுற்று கொஞ்சம் இடைவெளி விட்டு, மொத்தம் 10 சென்டிமீட்டர் அகலத்துக்குள் சுற்றி, இரு முனைகளையும் கண்டென்சரில் சேர்த்தால் பட்டை முழுவதும் அடங்கிவிடும். ரேடியோவோடு கம்பி இணைப்பு எதுவும் தேவையில்லை. ரேடியோவைப் பக்கத்தில் வைத்து கண்டென்சரைத் திருப்பினால் ஒரு புள்ளியில் நிலையம் சட்டென்று எழும்பும். சென்னை 720-ஐ முதல்முறை அப்படி எழுப்பியபோது நான் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டிவிட்டோமோ என்று குமிழைப் பார்த்தேன்.

எங்கள் வீட்டில் ஏஎம் முழுக்க இரைச்சல். என்ன செய்வது?

இன்றைய வீடுகளில் இதுதான் முதல் எதிரி. எல்இடி பல்பு, செல்போன் சார்ஜர், இன்வெர்ட்டர், ஃபேன் ரெகுலேட்டர், வைஃபை பெட்டியின் அடாப்டர் எல்லாம் மீடியம் வேவில் இரைச்சலைக் கொட்டுகின்றன. சின்ன ரேடியோவைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள், எது என்று அதுவே காட்டிக்கொடுக்கும். மாடிக்குப் போங்கள், பேட்டரியில் வையுங்கள்.

கரண்ட் போகும் நேரம் பொன்னான நேரம். ஒரு மாலை ஏழரை மணிக்கு எங்கள் தெரு முழுக்கக் கரண்ட் போனது. என் ரேடியோவின் இரைச்சல் எண் அந்த நொடியே சரசரவென்று இறங்கியது. அதுவரை வெறும் உறுமலாக இருந்த 1044-ல் மும்பை பேசிக்கொண்டிருந்தது. ஐம்பது நிமிடம் கழித்துக் கரண்ட் வந்ததும் மும்பை போய்விட்டது. அது உண்மையில் எங்கேயும் போகவில்லை. எங்கள் தெரு அதை மூடிவிட்டது.

எந்த மாதங்கள் நல்லவை?

ஜனவரி, பிப்ரவரி. மின்னல் ஒவ்வொன்றும் மீடியம் வேவில் ஒரு வெடிப்பு. கோடை இடி மழைக்காலத்திலும் ஐப்பசி, கார்த்திகையிலும் ராத்திரியில் படபடவென்று வெடித்துக்கொண்டே இருக்கும். நிலையங்கள் வரும் அதே வானலை வழியாகத் தூரத்து மின்னலின் சத்தமும் வருவதால், உங்கள் ஊரில் வானம் தெளிவாக இருந்தாலும் தப்ப முடியாது. இடி பக்கத்தில் கேட்டால் மாடியை விட்டு உடனே இறங்குங்கள். இதில் எந்தச் சமரசமும் வேண்டாம்.

கிரகணத்தின்போது பகலிலேயே தூர நிலையம் வருமா?

வரும். சந்திரன் சூரியனை மறைக்கும்போது டி அடுக்கு மெலிகிறது; அந்தக் கொஞ்ச நேரத்துக்கு வானலை எட்டிப் பார்க்கும். 2019 டிசம்பர் 26 கங்கணக் கிரகணம் கோவை, திண்டுக்கல், புதுக்கோட்டை வழியாகக் காலையில் போனது. 2031 மே 21 அன்று இன்னொரு கங்கணக் கிரகணம் தென்னிந்தியாவையும் வட இலங்கையையும் கடக்கவிருக்கிறது. அதற்கு முந்தைய சில நாட்கள் அதே நேரத்தில், அதே தடங்களை அளந்து வைத்திருந்தால்தான் அன்றைய எண்ணுக்கு அர்த்தம் இருக்கும்.

வந்தது எந்த நிலையம் என்று எப்படி உறுதி செய்வது?

மொழி முதல் தடயம், ஆனால் அது போதாது. மணி நேரத் தொடக்கத்தில் காத்திருங்கள். நிலையத்தின் பெயரை அப்போதுதான் பெரும்பாலும் சொல்வார்கள். டெல்லி செய்தியை எல்லா நிலையங்களும் அஞ்சல் செய்யும் நேரம் அடையாளம் காண உதவாது, எல்லாத் தடத்திலும் ஒரே குரல். உள்ளூர் விளம்பரம், மண்டிக் காய்கறி விலை, மாவட்டப் பெயர் இவை நம்பகமானவை. பெயர் காதில் விழாதவரை நான் நோட்டில் கேள்விக்குறியோடுதான் எழுதுவேன். ஏழு வருடமாகக் கேள்விக்குறியோடு நிற்கும் வரிகள் என் நோட்டில் உண்டு.

783-ல் பேச்சே இல்லாமல் 'உஸ்ஸ்' என்று ஒரு சீரான சத்தம். கோளாறா?

இல்லை, அது டிஆர்எம் என்ற டிஜிட்டல் ஒலிபரப்பு. சாதாரண ரேடியோவில் இரைச்சல்போல்தான் கேட்கும். அதற்கென்று உள்ள ரேடியோவில் தெளிவாக வரும்.

நிலையத்துக்கு எழுதினால் பதில் வருமா?

வரும். கேட்ட தேதி, நேரம், அலைவரிசை, நிகழ்ச்சியின் விவரம், பிறகு சின்போ குறியீடு ஆகியவற்றை எழுதுங்கள். சின்போ என்பது பலம், குறுக்கீடு, இரைச்சல், மங்கல், மொத்தத் தரம் என்று ஐந்துக்கும் ஒன்றிலிருந்து ஐந்துவரை மதிப்பெண். உங்கள் அறிக்கை சரியாக இருந்தால், நீங்கள் கேட்டதை உறுதிசெய்யும் கியூஎஸ்எல் அட்டை அனுப்புவார்கள். அகில இந்திய வானொலியும் டெல்லியிலிருந்து அனுப்பிவந்தது.

வெளிநாட்டுக்கு எழுதும்போது நேரத்தை யுடிசி என்ற உலகப் பொது நேரத்துக்கு மாற்ற வேண்டும்: நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணி கழிக்க வேண்டும். நள்ளிரவு தாண்டிக் கேட்டவற்றில் தேதியும் ஒரு நாள் பின்னால் போகும். மார்ச் 5 இரவு 12.30-க்குக் கேட்டது மார்ச் 4, 19.00 யுடிசி. இதில் தவறினால் அங்கே அவர்களுடைய நிகழ்ச்சிப் பதிவோடு ஒத்துப்போகாது, அட்டையும் வராது.

இணையத்தில் இருக்கும் பொது ரிசீவர்களைக் கேட்டால் கணக்கில் சேருமா?

உங்கள் கேட்பாகச் சேராது. அது வேறொருவர் வீட்டு ஆன்டெனா. ஆனால் ஒப்பிட அருமையான கருவி. கிவிஎஸ்டிஆர் போன்ற ரிசீவரில் பட்டை முழுவதையும் ஒரே திரையில் ஓடவிட்டால், மாலை ஆறு மணியிலிருந்து ஒவ்வொரு 9 கிலோஹெர்ட்ஸிலும் கோடு ஒன்று மெல்ல வெளுத்துத் தடிப்பதைக் கண்ணால் பார்க்கலாம். பள்ளிப் பிள்ளைகளுக்கு டி அடுக்கைப் பற்றிச் சொல்லும்போது நான் இதைத்தான் காட்டுகிறேன்.

இன்றைக்கே தொடங்க வேண்டும். எங்கிருந்து?

உங்கள் ஊருக்குப் பக்கத்து நிலையம் ஒன்று, 200 கிலோமீட்டர் தள்ளி ஒன்று, பகலில் வரவே வராத தூரத்தில் ஒன்று, இப்படி மூன்றை எடுத்துக்கொள்ளுங்கள். என் முதல் நோட்டின் முதல் பக்கத்தில் இருப்பவை திருச்சி 936, தூத்துக்குடி 1053, டெல்லி 819. ஒவ்வொன்றுக்கும் எதிரே மத்தியானம் ஒரு எண், ராத்திரி ஒரு எண். திருச்சிக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்று. தூத்துக்குடிக்கு ராத்திரியில் ஏறி இறங்கும் இரண்டு எண்கள், நடுவில் ஒரு கோடு. டெல்லிக்கு மத்தியானக் கட்டம் காலி. ஒரு வாரம் இப்படி எழுதிவிட்டு, அப்புறம் பட்டை முழுவதற்கும் போங்கள்.